பற்றவும் வேண்டும், விடவும் வேண்டும்: எதிர்ப்புச் செல்கள் ஒட்டும் விதம்

2004 நவம்பரில் நடாலிசுமாப் என்ற ஊசி மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்கான மருந்து அது. அந்த நோயில் உடலின் எதிர்ப்புச் செல்களே மூளைக்குள்ளும் தண்டுவடத்துக்குள்ளும் புகுந்து நரம்பிழைகளின் மேலுறையைச் சிதைத்துவிடும். மருந்து நன்றாகவே வேலை செய்தது. ஆனால் மூன்று மாதம் கழித்து, 2005 பிப்ரவரி கடைசியில், அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. மருந்து எடுத்துக்கொண்டவர்களில் சிலருக்கு பிஎம்எல் என்ற கொடிய மூளைத் தொற்று வந்திருந்தது. 2006 ஜூனில் கடுமையான கண்காணிப்பு விதிகளோடு அதே மருந்து திரும்பி வந்தது. இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

இதைப் படிக்கும் யாருக்கும் ஒரு குழப்பம் வரும். நடாலிசுமாப் எதிர்ப்புச் செல்களைக் கொல்வதில்லை. அவற்றின் மேற்பரப்பில் உள்ள ஒரு கொக்கியை மூடி வைக்கிறது, அவ்வளவுதான். ஒட்ட முடியாமல் போனதால் மட்டுமே ஒரு நோய் அடங்கி இன்னொரு நோய் தலைதூக்குமா? தூக்கும். ஏன் என்று புரிய வேண்டுமானால், ஓர் எதிர்ப்புச் செல் எதில் ஒட்டுகிறது, எப்படி ஒட்டுகிறது, எப்போது விடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## செல்களுக்கு இடையே உள்ள வலை

உடலில் செல்கள் செங்கல்மேல் செங்கலாக அடுக்கி வைக்கப்பட்டவை அல்ல. பெரும்பாலான திசுக்களில் செல்களுக்கு இடையே ஒரு புரத வலை விரிந்திருக்கிறது. செல்களே சுரந்து பின்னிய வலை அது. இந்தக் கட்டுரையில் அதைச் செல்வெளி வலை என்று சொல்வோம். அதில் மூன்று புரதங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

1. கொலாஜன். முறுக்கிய கயிறு போன்றது. தோலுக்கும் தசைநாணுக்கும் எலும்புக்கும் உறுதி தருவது. மனித உடலில் 28 வகை உண்டு. அவற்றில் நாலாம் வகை கயிறாகத் திரளாமல் மெல்லிய பாய் போலப் பின்னிக்கொள்ளும்.
2. ஃபைப்ரோநெக்டின். இரத்தத்தில் கரைந்தும் இருக்கும், வலையில் இழையாகவும் இருக்கும். புண் ஆறும் இடத்தில் நிறையச் சேரும்.
3. லாமினின். இரத்தக் குழாய்களைச் சுற்றியும் தோலின் மேலடுக்குக்குக் கீழேயும் ஓடும் மெல்லிய விரிப்பில், நாலாம் வகை கொலாஜனோடு சேர்ந்து இருப்பது.

தோல், ஈரல் போன்றவற்றின் செல்கள் இந்த வலையைப் பிடித்தபடியே வாழ்கின்றன. பிடி நழுவினால் பெரும்பாலும் இறந்துவிடும். எதிர்ப்புச் செல்களின் வாழ்க்கை வேறு மாதிரி. இரத்தத்தில் மிதந்து வரும்போது எதிலும் ஒட்டக் கூடாது. அழற்சி உள்ள இடம் வந்ததும், பாயும் இரத்தம் அடித்துக்கொண்டு போவதற்குள் குழாயின் சுவரைப் பற்றி நிற்க வேண்டும். அப்புறம் சுவரைத் தாண்டி, வலைக்குள் ஊர்ந்து, வேலை இருக்கும் இடத்தில் தங்கி, முடிந்ததும் நகர வேண்டும்.

விடாத பிடியை உடும்புப்பிடி என்போம். எதிர்ப்புச் செல்லுக்கு அது உதவாது. சுவரில் ஓடும் பல்லியின் பிடிதான் அதற்கு வேண்டும். பல்லி தலைகீழாக நிற்கும்போதும் விழுவதில்லை, அடுத்த அடி எடுத்து வைக்கவும் தடுமாறுவதில்லை.

## கொக்கியின் பெயர் இன்டெக்ரின்

செல்வெளி வலையைப் பற்றும் கொக்கிகளை இரண்டு திசைகளிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் தேடி வந்தார்கள். எர்க்கி ருவோஸ்லாட்டியும் மைக்கேல் பியர்ஷ்பாகரும் 1984இல், ஃபைப்ரோநெக்டின் என்ற பெரிய புரதத்தில் செல்கள் பற்றும் புள்ளி மூன்றே அமினோ அமிலங்கள்தான் என்று காட்டினார்கள்: ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம். 1986இல் ரிச்சர்ட் ஹைன்ஸின் ஆய்வகம், அந்தப் புள்ளியைப் பிடிக்கும் செல் புரதத்துக்கு இன்டெக்ரின் என்று பெயர் வைத்தது. இன்னொரு பக்கம் டிமோதி ஸ்பிரிங்கர், எதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான டி செல்கள் மற்ற செல்களைப் பற்றிக்கொள்ள உதவும் எல்எஃப்ஏ-1 என்ற மூலக்கூறைக் கண்டுபிடித்திருந்தார். இரண்டும் ஒரே குடும்பம் என்பது பிறகுதான் தெளிவானது. ருவோஸ்லாட்டி, ஹைன்ஸ், ஸ்பிரிங்கர் மூவருக்கும் 2022இல் லாஸ்கர் விருது கிடைத்தது இதற்காகத்தான்.

ஒவ்வோர் இன்டெக்ரினும் ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு சங்கிலிகளின் ஜோடி. மனிதரில் 18 ஆல்ஃபா, 8 பீட்டா. இவை சேர்ந்து 24 ஜோடிகள். தலை செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், குட்டையான வால் உள்ளே இருக்கும். எதிர்ப்புச் செல்களுக்கு முக்கியமானவை இவை:

1. ஆல்ஃபா-4 பீட்டா-1, ஆல்ஃபா-5 பீட்டா-1. இரண்டும் ஃபைப்ரோநெக்டினைப் பிடிக்கும். முன்னது அழற்சியுற்ற இரத்தக் குழாயில் தோன்றும் விகேம்-1 என்ற புரதத்தையும் பிடிக்கும். நடாலிசுமாப் மூடுவது இந்த ஆல்ஃபா-4 சங்கிலியைத்தான்.
2. ஆல்ஃபா-6 பீட்டா-1. இது லாமினினைப் பிடிப்பது.
3. ஆல்ஃபா-1 பீட்டா-1, ஆல்ஃபா-2 பீட்டா-1. இவை கொலாஜனைப் பிடிப்பவை.
4. எல்எஃப்ஏ-1. பீட்டா-2 குடும்பம், வெள்ளணுக்களுக்கே உரியது. செல்வெளி வலையை அல்ல, பிற செல்களில் உள்ள ஐகேம்-1ஐப் பிடிக்கும்.
5. ஆல்ஃபா-4 பீட்டா-7. குடலின் இரத்தக் குழாய்களில் உள்ள மேட்கேம்-1ஐப் பிடிக்கும்.

பழைய நூல்களில் பீட்டா-1 குடும்பத்தை விஎல்ஏ என்று குறித்திருப்பார்கள். மிகத் தாமதமாகத் தோன்றும் ஆன்டிஜென் என்பது அதன் பொருள். ஆய்வகத்தில் டி செல்களைத் தூண்டினால் கொலாஜனைப் பிடிக்கும் இரண்டு ஜோடிகளும் சில வாரங்கள் கழித்தே தெரிந்தன, அதனால் வந்த பெயர். குடும்பத்தின் மற்ற உறுப்பினர்கள் முதலிலிருந்தே செல்லில் இருப்பவர்கள் என்று பின்னால் தெரிந்தது. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

## கொக்கி இருக்கிறது, ஒட்டவில்லை

இரத்தத்தில் மிதக்கும் டி செல்லின் மேற்பரப்பில் ஆயிரக்கணக்கான இன்டெக்ரின்கள் இருக்கின்றன. ஃபைப்ரோநெக்டினோ இரத்தத்திலேயே கரைந்திருக்கிறது. அப்படியானால் அந்தச் செல் எல்லா நேரமும் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டுமே? இருப்பதில்லை.

இதற்கான விடையை இரண்டு சோதனைகள் காட்டின. 1989இல் மைக்கேல் டஸ்டினும் ஸ்பிரிங்கரும் டி செல்லின் ஆன்டிஜென் ஏற்பியை, அதாவது கிருமியின் அடையாளத்தை உணரும் புரதத்தை, தூண்டிப் பார்த்தார்கள். எல்எஃப்ஏ-1 சில நிமிடங்களில் ஐகேம்-1ஐ இறுகப் பிடித்தது. அரை மணி, ஒரு மணி நேரத்தில் பிடி தானாகத் தளர்ந்தது. 1990இல் யோஜி ஷிமிசு, ஸ்டீபன் ஷா குழுவினர் இதே கேள்வியைச் செல்வெளி வலையை வைத்துக் கேட்டார்கள். தூண்டப்படாத மனித டி செல்கள் ஃபைப்ரோநெக்டினிலும் லாமினினிலும் சரியாக ஒட்டவில்லை. தூண்டியதும் வேகமாக ஒட்டின. ஆனால் மேற்பரப்பில் இருந்த இன்டெக்ரின்களின் எண்ணிக்கை மாறவே இல்லை.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. முன்பே ஒரு கிருமியைச் சந்தித்த நினைவு டி செல்களில், புதிய டி செல்களைவிட இந்த இன்டெக்ரின்கள் மூன்று நான்கு மடங்கு அதிகம். ஆக, ஒட்டுதலைக் கட்டுப்படுத்த செல்லிடம் இரண்டு வழிகள் இருக்கின்றன:

1. கொக்கிகளின் எண்ணிக்கையையும் வகையையும் மாற்றுவது. மரபணுவைப் படித்துப் புதுப் புரதம் செய்ய வேண்டும். நாள்கணக்கில் நடக்கும், வெகுநாள் நீடிக்கும்.
2. இருக்கும் கொக்கியை விழிக்க வைப்பது, உறங்க வைப்பது. நொடிகளில் நடக்கும், சீக்கிரம் அடங்கும்.

எதிர்ப்புச் செல்லின் திறமை இந்த இரண்டாவது வழியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. இதைப் பிடித்துக்கொண்டால் மருந்துக் குழப்பங்களில் பாதி தெளிந்துவிடும்.

## உள்ளிருந்து வரும் கட்டளை

கொக்கியை விழிக்க வைக்கும் செய்தி செல்லின் உள்ளிருந்து வருகிறது. வரிசை இப்படி:

1. ஏதோ ஓர் ஏற்பி வெளியே ஆபத்தை உணர்கிறது. டி செல்லில் அது ஆன்டிஜென் ஏற்பியாக இருக்கலாம். இரத்தக் குழாயில் உருளும் வெள்ளணுவுக்கு, குழாயின் சுவரில் காத்திருக்கும் கீமோகைன் என்ற அழைப்புப் புரதத்தின் ஏற்பியாக இருக்கலாம்.
2. செல்லுக்குள் ராப்1 என்ற புரதம் முடுக்கப்படுகிறது. மின் சுவிட்ச் போல அதற்கு இரண்டே நிலைகள்.
3. டாலின் என்ற புரதம் வந்து பீட்டா சங்கிலியின் வாலைப் பிடிக்கிறது. கிண்ட்லின்-3 அதே வாலில் பக்கத்து இடத்தைப் பிடிக்கிறது. இரண்டும் வேண்டும், ஒன்று மட்டும் போதாது.
4. ஒட்டியிருந்த இரண்டு வால்களும் பிரிகின்றன. வெளியே, மடங்கிக் கிடந்த இன்டெக்ரின் நிமிர்கிறது.
5. தலை திறக்கிறது. அங்குள்ள குழியில் ஒரு மக்னீசிய அயனி உட்கார்ந்திருக்கிறது. ஃபைப்ரோநெக்டினின் அஸ்பார்டிக் அமிலம் வந்து பொருந்துவது அதில்தான்.

நாலாவது படியை முதலில் பலர் நம்பவில்லை. 2001இல் ஓர் இன்டெக்ரினின் வெளிப்பகுதியைப் படிகமாக்கிப் பார்த்தபோது, தலை குனிந்து செல்லின் பக்கமாகவே திரும்பியிருந்தது. படிகம் ஆக்கியதில் வந்த கோளாறோ என்ற சந்தேகம்கூட எழுந்தது. இன்று தெரிவது, அந்தக் குனிந்த வடிவம்தான் ஓய்வு நிலை. குனிந்து மூடிய நிலை, நிமிர்ந்து மூடிய நிலை, நிமிர்ந்து திறந்த நிலை என மூன்றுக்கு இடையே இன்டெக்ரின் மாறிக்கொண்டே இருக்கிறது. திறந்த நிலையின் பிடி மூடிய நிலையினதைவிடப் பல ஆயிரம் மடங்கு வலுவானது. இரத்தக் குழாயில் உருண்டு வரும் வெள்ளணுவில் கீமோகைன் தொட்டு ஒரு நொடிக்குள் இதெல்லாம் நடந்து முடிந்துவிடும்.

கட்டளையோடு கதை முடிவதில்லை, இழுவிசையும் சேர்ந்துகொள்கிறது. டாலினின் இன்னொரு முனை செல்லின் உள்ளே ஓடும் ஆக்டின் இழைகளைப் பிடித்திருக்கிறது. ஆக்டின் நகரும்போது கொக்கி இழுபடும். சாதாரணமாக இழுத்தால் பிடி விட்டுப்போக வேண்டும். ஆனால் ஆல்ஃபா-5 பீட்டா-1க்கும் ஃபைப்ரோநெக்டினுக்கும் இடையிலான பிணைப்பு, ஓரளவு இழுக்கும்போது இன்னும் நீண்ட நேரம் தாங்குகிறது. சுருக்கு முடிச்சு மாதிரி, இழுக்க இழுக்க இறுகும். எல்லை மீறி இழுத்தால்தான் அறுபடும். இதனால் ஒரு வசதி உண்டு. இரத்தத்தில் கரைந்து மிதக்கும் ஃபைப்ரோநெக்டின் இழுவைக்கு எதிர்த்து நிற்காது, கூடவே வந்துவிடும். வலையில் கட்டப்பட்டிருக்கும் ஃபைப்ரோநெக்டின் எதிர்த்து நிற்கும். எது மிதப்பது, எது நிலையாக இருப்பது என்பதைக் கொக்கி தன் இழுவையாலேயே பிரித்தறிகிறது.

பிடித்த பின் செய்தி எதிர்த்திசையிலும் பாயும். வலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் டி செல், ஆன்டிஜென்னைப் பார்த்ததும் இன்னும் எளிதாகப் பெருகுகிறது. அதாவது கொக்கி பிடிமானம் மட்டும் அல்ல, தான் இருக்கும் இடம் எது என்று செல்லுக்குச் சொல்லும் உறுப்பும்கூட.

## விடுவதும் ஒரு வேலை

பிடி தானாக விடும் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் ஊர்ந்து போகும் செல் தன் பின்பக்கத்தை வேலை செய்து விடுவிக்கிறது. கால்பெயின் என்ற நொதி டாலினை வெட்டுகிறது. மயோசின் என்ற புரதம் பின்பக்கத்தைச் சுருக்கி இழுக்கிறது. விடுபட்ட இன்டெக்ரின்களில் பல செல்லுக்குள் விழுங்கப்பட்டு, முன்பக்கம் கொண்டுபோகப்பட்டு மீண்டும் பயனாகின்றன.

விடாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2005இல் எலிகளில் சோதித்தார்கள். எல்எஃப்ஏ-1இன் வாலில் ஒரு சிறு துண்டை நீக்கி, அது எப்போதும் விழித்தே இருக்கும்படி செய்தார்கள். ஒட்டும் திறன் கூடியது. எதிர்ப்பு கூட வேண்டும் அல்லவா? குறைந்தது. நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள் வந்து சேர வேண்டிய இடத்துக்குச் சரியாக வரவில்லை, டி செல்கள் சரியாகத் தூண்டப்படவில்லை. பிடித்த இடத்திலேயே சிக்கிக்கொண்ட செல்லால் பயனில்லை. எதிர்ப்புச் சக்தி என்பதைக் கூடக் கூட நல்லது என்று விளம்பரங்கள் சொல்லும்போது, இந்த எலிகள் என் நினைவுக்கு வரும்.

இன்னொரு சோதனை இதைவிடவும் வியப்பானது. 2008இல் மைக்கேல் சிக்ஸ்டின் குழுவினர் எலியின் வெள்ளணுக்களில் இன்டெக்ரின்கள் எல்லாவற்றையும் நீக்கிப் பார்த்தார்கள். தட்டையான பரப்பில் அவற்றால் நகர முடியவில்லை. ஆனால் முப்பரிமாண கொலாஜன் வலைக்குள் விட்டதும், கொக்கியே இல்லாத டென்ட்ரிட்டிக் செல்கள் (வெள்ளணுக்களில் ஒரு வகை) இயல்பான வேகத்தில் போயின. நெரிசலான சந்தையில் யாரையும் பிடிக்காமல் உடம்பை வளைத்து நுழைந்து போவது போல, வலையின் இடுக்குகளில் பிதுங்கி முன்னேறின. ஆக, வலைக்குள் சும்மா கடந்து போக கொக்கி கட்டாயமில்லை. பாயும் இரத்தத்தில் நிற்கவும், ஓரிடத்தில் தங்கவும்தான் அது கட்டாயம்.

தங்கும் செல்களில் ஒன்று தோலிலும் நுரையீரலிலும் இருக்கும் நினைவு டி செல். பழைய தொற்று வந்த இடத்திலேயே அது குடியிருக்கும். அதன் மேல் ஆல்ஃபா-1 பீட்டா-1 மிகுதி, அதனால் கொலாஜனைப் பற்றிக்கொண்டு இருக்க முடிகிறது. ஃப்ளூ வைரஸ் வந்து போன எலிகளின் நுரையீரலில் இந்தக் கொக்கியைத் தடுத்தபோது நினைவுச் செல்கள் குறைந்தன, மறுதொற்றைத் தாங்கும் வலுவும் குறைந்தது. காவலுக்கு இருக்கும் இதே செல் சில நேரம் தொல்லையும் தரும். வெண்புள்ளி உள்ளவர்களின் தோலில் நிறமிச் செல்களைத் தாக்கும் டி செல்களில், இந்தக் கொக்கி உள்ளவை முன்னணியில் இருப்பதாக 2017இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

## பிறவியிலேயே பழுதானால்

நம் வீடுகளில் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி எப்போது விழும் என்று பெரியவர்கள் நாள் எண்ணுவார்கள். பொதுவாக ஒன்றிரண்டு வாரத்தில் காய்ந்து விழும். அந்தப் பிரிவில் வெள்ளணுக்களுக்குப் பங்கு உண்டு. ஒரு மாதம் ஆகியும் விழாமல், தொப்புளில் தொற்றும் வந்தால் மருத்துவர்கள் நினைத்துப் பார்க்கும் நோய்களில் ஒன்று, வெள்ளணு ஒட்டுதல் குறைபாடு. மிக அரிது. முதல் வகை சுமார் 10 லட்சம் பிறப்புகளில் ஒன்றுக்கு வரும். கொடி தாமதமாக விழும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இந்த நோய் இருக்காது, அதனால் பதற வேண்டியதில்லை. காட்ட வேண்டும், அவ்வளவே.

இந்த நோயின் இரண்டு வகைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மேலே சொன்னதெல்லாம் கண்ணெதிரே நிற்கும்.

1. முதல் வகையில் பீட்டா-2 சங்கிலியின் மரபணு பழுது. கொக்கியே இல்லை அல்லது மிகக் குறைவு. இரத்தத்தில் வெள்ளணுக்கள் ஏராளமாக இருக்கும், ஆனால் புண்ணில் சீழ் பிடிக்காது. சீழ் என்பது பெரும்பாலும் அங்கே வந்து இறந்த வெள்ளணுக்கள்தானே. அவை இரத்தக் குழாயை விட்டு வெளியே வரவே முடிவதில்லை.
2. மூன்றாம் வகையில் கொக்கி இயல்பான அளவில் இருக்கிறது. பழுதானது கிண்ட்லின்-3, அதாவது விழிக்க வைக்கும் புரதம். இந்தப் பழுது 2009இல் கண்டறியப்பட்டது. முதல் வகையைப் போலவே தொற்றுகள் வரும். கூடவே இரத்தக் கசிவும் இருக்கும், ஏனென்றால் இரத்தம் உறைய உதவும் இரத்தத் தட்டுகளின் இன்டெக்ரினும் இதே கிண்ட்லினை நம்பியிருக்கிறது.

கொக்கி இல்லாத குழந்தையும், கொக்கி இருந்தும் அது உறங்கும் குழந்தையும் ஒரே மாதிரி தொற்றால் வாடுகிறார்கள். இரண்டுமே தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே தோன்றுபவை. நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்யும் குடும்பங்களில் இதற்கான வாய்ப்பு கூடுதல். மாமன் மகள், அத்தை மகன் உறவு சகஜமான தமிழ்நாட்டில், சிறு வயதிலேயே தொடர் தொற்றால் குழந்தையை இழந்த குடும்பங்கள் அடுத்த கருவுக்கு முன் மரபணு ஆலோசனை பெறுவது நல்லது. கடுமையான வகைக்கு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை இருக்கிறது, சீக்கிரம் கண்டுபிடித்தால் பலன் அதிகம்.

## மருந்துகள் ஏன் இப்படி நடந்துகொள்கின்றன

1992இல், ஆல்ஃபா-4 சங்கிலியை மூடும் ஆன்டிபாடி, எலி வகைகளில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற நோயைத் தடுத்தது. நடாலிசுமாபின் வேர் அங்கே இருக்கிறது. ஆனால் மூளைக்குள் போகும் டி செல்கள் எல்லாம் கெடுதல் செய்பவை அல்ல. சில காவலுக்குப் போகின்றன. பெரியவர்களில் பலரின் உடலில் ஜேசி என்ற வைரஸ் சத்தமில்லாமல் கிடக்கிறது. காவல் குறைந்தால் அது மூளையில் கிளம்பி, நரம்பின் உறையைச் செய்யும் செல்களை அழிக்கும். அதுதான் பிஎம்எல். தாக்க வந்தவனுக்கும் காவலாளிக்கும் ஒரே கதவு, மருந்து அந்தக் கதவைப் பூட்டியது. இன்று இந்த மருந்தைத் தருமுன் ஜேசி வைரஸுக்கான இரத்தப் பரிசோதனையும், தரும்போது மூளை ஸ்கேனும் எடுப்பது இதனால்தான். எல்எஃப்ஏ-1ஐ மூடிய எஃபாலிசுமாப் என்ற சொரியாசிஸ் மருந்துக்கும் அதே பிஎம்எல் சிக்கல் வந்தது. 2003இல் வந்த அது 2009இல் திரும்பப் பெறப்பட்டது.

வேடோலிசுமாப் இதிலிருந்து கற்றுக்கொண்ட மருந்து. 2014இல் பெருங்குடல் புண் அழற்சிக்கும் குரோன் நோய்க்கும் அனுமதி பெற்றது. ஆல்ஃபா-4ஐ எங்கு கண்டாலும் மூடாமல், ஆல்ஃபா-4 பீட்டா-7 ஜோடியை மட்டும் மூடுகிறது. அந்த ஜோடி தேடுவது குடலின் குழாய்களில் உள்ள மேட்கேம்-1ஐ. அதனால் தடை பெரும்பாலும் குடலோடு நிற்கிறது, மூளைக்குப் போகும் வழி திறந்தே இருக்கிறது. இரண்டு மருந்துகளின் பெயரும் ஒரே மாதிரி ஒலிப்பதால், ஒன்றின் ஆபத்தை மற்றதன் மேல் ஏற்றிப் பயப்படும் நோயாளிகள் இந்த வேறுபாட்டை மருத்துவரிடம் கேட்டுத் தெளிவது அவசியம்.

இவை எல்லாம் ஊசிகள். மாத்திரை செய்யலாம் என்று பலர் முயன்றார்கள். மாரடைப்பைத் தடுக்க, இரத்தத் தட்டு இன்டெக்ரினின் குழிக்குள் போய் உட்காரும் மாத்திரைகள் 2000ஆம் ஆண்டை ஒட்டிப் பெரிய அளவில் சோதிக்கப்பட்டன. அவற்றை எடுத்துக்கொண்டவர்களிடம் இறப்பு குறையவில்லை, கூடியது. குழியை அடைத்த அந்த மூலக்கூறுகள், அடைக்கும்போதே இன்டெக்ரினை நிமிர்ந்து திறந்த நிலைக்குத் தள்ளியதும் இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. பூட்டில் போட்ட தவறான சாவி பூட்டைத் திறந்தும் விட்டது போல. 2022இல் ஸ்பிரிங்கரின் குழு இதற்கு ஒரு வழி காட்டியது. மூடிய நிலையில் அந்தக் குழியின் உலோக அயனிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு நீர் மூலக்கூறு ஆப்பு போல நிற்கிறது. தலை திறக்கும்போது அது வெளியே தள்ளப்படுகிறது. அந்த நீரைத் தள்ளாமல் பிடித்து வைக்கும்படி, சரியான இடத்தில் ஒரு நைட்ரஜன் அணுவை வைத்து மருந்தை வடிவமைத்தால், இன்டெக்ரின் மூடிய நிலையிலேயே நிற்கிறது. பெருங்குடல் அழற்சிக்காக ஆல்ஃபா-4 பீட்டா-7ஐக் குறிவைக்கும் மாத்திரைகள் இப்போது நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு வருகின்றன.